ரெய்னோவின் துப்பாக்கிக்கு லெம்பி அடித்த பெயின்ட்

லெம்பி குர்ட்டிக்குத் துப்பாக்கி சுடத் தெரியாது. கூசி ஏரிப் பக்கம் இதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். நவம்பர் பதினைந்தாம் தேதி மான் வேட்டை தொடங்குகிறதென்றால் பள்ளிக்கூடத்தையே பூட்டிவிடுகிற ஊர் அது. அந்தப் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் முப்பத்தொரு வருஷம் முந்நூறு பிள்ளைகளுக்கு ரொட்டி சுட்டவள், ரொட்டியைத் தவிர வேறெதையும் சுட்டதில்லை. அப்படிப்பட்டவளின் படுக்கையறை அலமாரியில் எட்டு வருஷமாக ஒரு வேட்டைத் துப்பாக்கி இருந்தது.

அது எதிர்வீட்டு ரெய்னோ சல்மேலாவுடையது. எதிர்வீடு என்று இப்போதும் வாய்க்கு வந்துவிடுகிறது. அந்த வீட்டை அவன் விற்று வருஷம் எட்டு ஆகிவிட்டது. கவுன்டி ரோட்டில் பனி தள்ளும் லாரி ஓட்டிக்கொண்டிருந்த மனிதன். மனைவி எல்லன் இறந்த மறு வருஷம், வேலையிலிருந்தும் ஓய்வு பெற்றதும், ஏரிகளுக்கு நடுவே போட்ட பெரிய பாலத்தைத் தாண்டி, தெற்கே சாகினாவில் இருக்கிற மகள் ஹெய்டியோடு போய்த் தங்கிவிட்டான். ஹெய்டிக்கு அப்போது கைக்குழந்தை. பூட்டிவைக்க இரும்புப் பெட்டி வாங்குகிறவரைக்கும் துப்பாக்கி வீட்டுக்குள் வரக் கூடாதென்று கறாராகச் சொல்லிவிட்டாள். வண்டியில் சாமான் ஏற்றி முடித்தபிறகு, துணி உறையில் போட்ட துப்பாக்கியோடு ரெய்னோ சாலையைக் கடந்து வந்தான்.

"இது உங்கிட்ட இருக்கட்டும் லெம்பி. நவம்பர்ல வந்து எடுத்துக்கறேன்."

"சமையல்காரிகிட்ட வந்து துப்பாக்கியக் குடுக்கறியே, உனக்கு வேற ஆளே கெடைக்கலியா?"

"வேற யாருகிட்டக் குடுத்தாலும் அதைத் தூக்கிட்டுக் காட்டுக்குப் போயிடுவான். நீதான் தொடமாட்ட."

தொடமாட்டாளாம். அவன் என்ன கண்டான்!

எல்லன் இருந்த காலத்தில் லெம்பியின் மனசில் ரெய்னோமேல் அப்படி ஒன்றும் இல்லை, அதையும் சொல்லிவிடவேண்டும். அப்பாவுக்குக் கஞ்சி வைத்து, அப்பாவைக் குளிப்பாட்டி, அப்பாவை அடக்கம் செய்து, கல்யாணம் என்கிற பேச்சே எடுக்க நேரமில்லாமல் ஐம்பதைத் தாண்டியவள். ரெய்னோ போன பிறகு ஒரு டிசம்பர் மாலை, நாலரை மணிக்கே இருட்டிவிட்டது, பாத்திரம் கழுவிக்கொண்டே சன்னல் வழியாக எதிரே பார்த்தாள். வீட்டை வாங்கினவர்கள் கோடைக்கு மட்டும் வருகிறவர்கள், முப்பது வருஷம் அந்த நேரத்தில் எரிந்த சமையலறை விளக்கு எரியவில்லை. கையிலிருந்த தட்டை அப்படியே தண்ணீரில் விட்டுவிட்டு நின்றாள். அன்றைக்குத்தான் அவளுக்கே தெரிந்தது.

அதற்கப்புறம் வருஷம் என்பது அவளுக்கு நவம்பர் மட்டும்தான். பதினாலாம் தேதி சாயங்காலம் ரெய்னோ வருவான், துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஒன்றுவிட்ட தம்பியின் வேட்டைக் குடிலுக்குப் போவான். புதனும் சனியும் லெம்பி வீட்டுச் சாவ்னாவுக்கு வருவான். அந்தப் பக்கத்து ஃபின்லாந்துக்காரர்கள் எல்லார் வீட்டிலும் கொல்லைப்புறத்தில் அந்த மரக்குளியலறை உண்டு. அடுப்பின்மேல் கல் குவித்துச் சூடேற்றி, கல்லில் தண்ணீர் வீசி ஆவியில் உட்கார்வார்கள். புகைபோக்கியில் புகை தெரிந்தால் அக்கம்பக்கத்தார் துண்டோடு வந்துவிடுவார்கள், கதவைத் தட்டுவதெல்லாம் கிடையாது. ரெய்னோ குளித்து முடித்து, முகம் சிவக்க லெம்பியின் சமையலறையில் உட்கார்ந்து ஏலக்காய் ரொட்டியும் காப்பியும் சாப்பிடுவான். டிசம்பர் ஒன்றாம் தேதி கிளம்பிவிடுவான். எண்ணிப் பார்த்தால் வருஷத்துக்கு ஐந்து சாவ்னா, ஐந்து காப்பி. மீதிப் பதினொன்றரை மாசம் அவளிடம் துப்பாக்கிதான் இருந்தது.

அதை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஜனவரி மதியங்களில், வெளியே சன்னல் மட்டத்துக்குப் பனி ஏறியிருக்கும்போது, துணி உறையிலிருந்து உருவி மடியில் வைத்துக்கொள்வாள். குழலை இடது கையால் பிடித்துக்கொண்டு, அவன் பிடிக்கிற இடம் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்வாள். பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்கும் தெரியும். பிறகு அப்படியே உறையில் போட்டு அலமாரியில் வைத்துவிடுவாள். எண்ணெய்த் துணியால் ஒரு தடவை துடைத்துவிட்டு வைக்கவேண்டும் என்று வேட்டைக்காரன் வீட்டுப் பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். இவளுக்குத் தெரியவில்லை.

போன வருஷம் டிசம்பர் ஒன்றாம் தேதி, துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்கும்போது ரெய்னோ குழலைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்தான்.

"இதென்ன இங்க ஒரு கறை?"

லெம்பி எட்டிப் பார்த்தாள். பழுப்பாக, மங்கலாக ஒரு கோடு. விரல் தடிமன். தான் பிடிக்கிற இடம் அது. வெடுக்கென்று அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"கறையாவது ஒண்ணாவது. எத்தனை காலத்துக்கு நான் இதுக்குக் காவல் இருக்கணும், அதைச் சொல்லு."

ரெய்னோ தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

ஆகஸ்டில் அவனிடமிருந்து கடிதம் வந்தது. நாலே வரி. ஹெய்டி வீட்டில் இரும்புப் பெட்டி இருக்கிறதென்றும், இந்தத் தடவை வேட்டை முடிந்ததும் துப்பாக்கியைத் தன்னோடு கொண்டுபோய்விடுவதாகவும், இத்தனை வருஷம் அவளுக்குச் சிரமம் கொடுத்ததற்கு மன்னிக்கவேண்டும் என்றும் எழுதியிருந்தான்.

லெம்பி கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டு அலமாரியைத் திறந்தாள். உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்து வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். கருநீல இரும்பின்மேல் துரு நன்றாக ஊறியிருந்தது. ஒரு பக்கம் நாலு விரல், மறுபக்கம் கட்டைவிரல். தன் இடது கையை அதன்மேல் வைத்துப் பார்த்தாள், அச்சாகப் பொருந்தியது. ஒரு தடவை பிடித்ததில் வருகிற துரு இல்லை அது. அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் பிடித்தவளின் கை என்று எந்த வேட்டைக்காரனும் ஒரு பார்வையில் சொல்லிவிடுவான்.

துப்பாக்கி போகப்போகிறது, அதோடு ரெய்னோவும் போகப்போகிறான், அதை அழுதாவது தீர்த்துக்கொள்ளலாம். ஆனால் அறுபத்துநாலு வயசில் அவளுடைய கையை அவன் அந்த இரும்பில் படித்துவிட்டுப் போனால் அந்த வெட்கத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

மறுநாளே டேல் ரூனாவின் கடைக்குப் போனாள். ஆணி முதல் படகு வரைக்கும் விற்கிற கடை.

"துருப்பிடிச்ச துப்பாக்கிக்கு என்ன பூசறது டேல்?"

"யாரு துப்பாக்கி?"

"எங்கப்பாவோடது."

"உங்கப்பா துப்பாக்கிய எங்கப்பாதான் வாங்கினாரு. என் வீட்டுச் செவுத்துலதான் தொங்குது."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு."

டேல் சிரித்துக்கொண்டே சொன்னான். பாட்டிலில் வரும் கருநீல மருந்து ஒன்று இருக்கிறது, துணியில் தொட்டுத் தேய்த்தால் போதும், ஆனால் துரு அரித்த குழியை மறைக்காது. டப்பா ஸ்ப்ரே இருக்கிறது, அது சுலபம், ஆனால் எண்ணெய் பட்டால் இரண்டே வருஷத்தில் உரியும். நிற்கவேண்டுமென்றால் இரண்டு பாகமாக வந்து கலந்து அடிக்கிற பீங்கான் பெயின்ட்தான். அதற்குக் கம்ப்ரஸர் வேண்டும், சின்ன மூக்குள்ள ஸ்ப்ரே கன் வேண்டும், முகமூடி வேண்டும், அடித்தபின் சூட்டில் வேகவைக்க வேண்டும்.

"வேகவைக்கிறதா? அப்ப என் வேலைதான் அது" என்றாள் லெம்பி.

நிற அட்டையைக் கொடுத்தான். நாற்பது சதுரம். பச்சை, மணல், வெண்கலம், கருப்பில் மட்டும் ஏழு. லெம்பி அந்த அட்டையை வீட்டுக்குக் கொண்டுபோய், துப்பாக்கியின் துருப்பிடிக்காத பகுதிமேல் வைத்து, காலை வெளிச்சத்தில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, விளக்கு வெளிச்சத்தில் ஒரு தடவை பார்த்தாள். மூன்று வாரம் இப்படியே போயிற்று. டேலுக்குப் பொறுமை போய்விட்டது.

"எல்லாரும் புதுசு மாதிரி தெரியணும்னு வந்து நிப்பாங்க. நீ ஒருத்திதான் பழசு மாதிரியே தெரியணும்ங்கற."

"ஒண்ணுமே நடக்காத மாதிரி தெரியணும்."

"அப்படி ஒரு பெயின்ட் எந்தக் கம்பெனிக்காரனும் பண்ணல லெம்பி."

கடைசியில் நீலம் கலந்த கருப்பு ஒன்றை எடுத்தாள். கம்ப்ரஸர் டேல் பழசில் ஒன்று கொடுத்தான். அதன் குழாயில் மாட்ட ஈரம் வடிகட்டும் கண்ணாடிக் குப்பி ஒன்றையும் கட்டாயம் வாங்கச் சொன்னான்.

"காத்துல ஒரு சொட்டுத் தண்ணி வந்தாப் போதும், பெயின்ட் கொப்புளிச்சிரும். தண்ணிதான் இதுக்கு எமன், ஞாபகம் வச்சுக்க."

செப்டம்பர் முழுக்கப் பழைய அடுப்புக் குழாயிலும் ஓட்டை வாணலியிலும் அடித்துப் பழகினாள். முதலில் வழிந்தது, பிறகு மணல் மணலாக நின்றது. பன்னிரண்டு பங்கு பெயின்டுக்கு ஒரு பங்கு கெட்டியாக்கும் திரவம் என்றால் அதைத் துளி பிசகாமல் அளக்க அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முந்நூறு பிள்ளைகளுக்கு ஈஸ்ட் அளந்த கை. அக்டோபரில் துப்பாக்கியின் பின்பக்க மரக்கட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, இரும்பை மட்டும் டேலிடம் கொண்டுபோய், அவன் கடைப் பின்கட்டில் இருந்த பெட்டிக்குள் கைவிட்டு, மணலைக் காற்றோடு பீய்ச்சித் துருவை எடுத்தாள். நம்பர் பொறித்த இடத்தில் நாடா ஒட்டி, குழலின் இரண்டு வாயையும் ரப்பரால் அடைத்துக்கொண்டாள். சாம்பல் நிறமாக வெறும் இரும்பு வெளியே வந்தது. அவளுடைய கை போய்விட்டது. நிம்மதி வரும் என்று நினைத்திருந்தாள். வீடு வரும்வரை வண்டியில் அழுதுகொண்டே வந்தாள்.

வேகவைப்பதில்தான் சிக்கல். நூற்றைம்பது டிகிரி ஃபாரன்ஹீட்டில் முழுசாக இரண்டு மணி நேரம் என்று டப்பாவில் போட்டிருந்தது. சமையலறை ஓவனுக்குள் குழல் நுழையவில்லை, ஒரு சாண் வெளியே நின்றது. நுழைந்தாலும் அப்புறம் அதில் ரொட்டி சுட முடியாது. யோசித்துப் பார்த்தால் கொல்லையிலேயே இருக்கிறது, நூற்றெண்பது டிகிரி வரை ஏறுகிற சாவ்னா. தண்ணீர் வீசாத வரைக்கும் சருகாய்க் காய்ந்த சூடு. ஆனால் புதன், சனி ஆகாது, புகையைப் பார்த்து யாராவது வந்துவிடுவார்கள். செவ்வாய்க்கிழமை யாரும் வரமாட்டார்கள். நவம்பர் பதின்மூன்று செவ்வாய். ரெய்னோ வருவது பதினாலு சாயங்காலம். அடுத்த நாள் கட்டையைப் பூட்டி உறையில் போட்டுவிட்டால் தீர்ந்தது.

அன்று காலை அசிட்டோனில் இரண்டு தடவை கழுவி, கையுறை போட்டு, கொட்டகையில் கம்பியில் தொங்கவிட்டு மெல்லிசாக மூன்று பூச்சு அடித்தாள். ஒரு வழிசல் இல்லை. அடித்து முடித்துத் தள்ளி நின்று பார்த்தபோது தன் கைமேலேயே அவளுக்குப் பெருமையாக இருந்தது. மத்தியானம் சாவ்னாவின் பலகைகளைத் துடைத்து, அடுப்பை மூட்டி, வாளியில் தண்ணீர் நிரப்பி அகப்பையோடு அதன் இடத்தில் வைத்தாள். எதற்கு வைத்தாள்? அடுப்பு மூட்டினால் வாளி நிரப்புவது, அவ்வளவுதான். அறுபது வருஷத்துப் பழக்கம், கை தானாகச் செய்துவிட்டது, அவள் கவனிக்கவே இல்லை. சூடு ஏறியதும் குழலைக் கொண்டுவந்து, உத்தரத்து விளக்கைக் கழற்றிவிட்டு அந்தக் கொக்கியில் தொங்கவிட்டாள். கதவைச் சாத்திவிட்டு, மணி பார்த்துக்கொண்டு, சமையலறைக்குப் போய் வேட்டைக் குடிலுக்கான, இறைச்சியும் கிழங்கும் அடைத்துச் சுடுகிற பாஸ்டிகளுக்கு மாவு பிசைந்தாள்.

அரைமணி கழித்து விறகு போட வந்தாள். சாவ்னாவின் முன்னறைப் படியில் ஒரு ஜோடி பூட்ஸ் கழற்றிப் போட்டிருந்தது.

அந்தப் பூட்ஸை அவளுக்குத் தெரியும். கை நிறைய விறகோடு அப்படியே நின்றுவிட்டாள். உள்ளேயிருந்து கல்லில் தண்ணீர் விழுகிற ஓசை வந்தது. உஸ்ஸென்று நீளமாக. பதினொன்றரை மாசமாக எந்த ஓசைக்காகக் காது ஏங்கிக் கிடந்ததோ, அதே ஓசை. கேட்டதும் முதலில் சந்தோஷம்தான் வந்தது. ஒரு கணம் கழித்துத்தான் குழலின் ஞாபகம் வந்தது.

முன்னறைக்குள் ஓடி உள்கதவை முழங்கையால் இடித்தாள்.

"ரெய்னோ! தண்ணி ஊத்தாத!"

"லெம்பியா?" அவன் குரல் குஷியாக வந்தது. "காத்து பலமாகுது, பாலத்தை மூடிருவாங்கன்னு ரேடியோல சொன்னான். அதான் ஒரு நாள் முன்னாடியே கெளம்பிட்டேன். ரோட்டுத் திருப்பத்துல பொகையப் பாத்தேன். நான் வர்றது உனக்கெப்படித் தெரிஞ்சுது?"

"எத்தனை அகப்பை ஊத்தின?"

"நாலஞ்சு. என்ன வாசனை இது, கேரேஜ் மாதிரி? விளக்கையும் காணோம். மேல என்னமோ தலையில இடிக்குது."

"அது உன் துப்பாக்கி."

உள்ளே அவன் எழுந்து நிற்கிற பலகைச் சத்தம் கேட்டது.

"பெயின்ட் அடிச்சுக் காய வச்சிருக்கேன். அந்த வாசனை உடம்புக்கு ஆகாது, மொதல்ல வெளிய வா."

"நான் துணியில்லாம இருக்கேன் லெம்பி."

"நான் படிக்குப் போறேன். நீ முன்னறைக்கு வந்து உடுத்திக்க."

படியில் போய்ப் பனியைப் பார்த்தபடி நின்றாள். விறகு இன்னும் கையிலேயே இருந்தது. சாத்திய கதவுக்குப் பின்னால் அவன் சட்டை மாட்டுகிற சலசலப்பு கேட்டது.

"கதவைத் தெறந்து வெளிச்சத்துல பாத்தேன்" என்றான் உள்ளேயிருந்து. "முழுக்கக் கொப்புளம். கூரையிலேர்ந்து வேற பழுப்புத் தண்ணி சொட்டியிருக்கு. நல்லா அடிச்சிருந்திருக்க. நான்தான் கெடுத்துட்டேன்."

"ஈரம் வராம இருக்கக் குழாய்க்குக் கண்ணாடிக் குப்பி வாங்கி மாட்டினேன். நீ அகப்பையால ஊத்தியிருக்க."

"வாளியில தண்ணி இருந்துதே."

அதை நிரப்பி வைத்ததும் தன் கைதான் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"எதுக்கு பெயின்ட் லெம்பி? நான் கேக்கலியே."

"துரு."

"துருன்னா எண்ணெய் போட்டுத் தேச்சா..."

"போகாது. விரல் துரு." அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. அவன்மேலா, வாளிமேலா, தன்மேலா என்று தெரியவில்லை. "என் விரல். நீ போனப்புறம் எடுத்து வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். எட்டு வருஷமா. பிடிச்ச எடமெல்லாம் துரு. நீ பாத்துரக்கூடாதுன்னுதான் பெயின்ட். போதுமா? பெட்டி வாங்கிட்டாங்கல்ல, எடுத்துக்கிட்டுப் போ. இதே கொப்புளத்தோட எடுத்துக்கிட்டுப் போ."

கதவுக்குப் பின்னால் சட்டைச் சலசலப்பும் நின்றுவிட்டது. போய்விட்டானோ என்றுகூட நினைத்தாள், போவதற்கு வேறு கதவு இல்லை என்பது மறந்துபோய்.

"பெட்டி," என்றான் ரெய்னோ. குரல் இறங்கியிருந்தது. "ஹெய்டி அதை வாங்கினது இப்ப இல்ல. குழந்தை நடக்க ஆரம்பிச்ச வருஷமே வாங்கிட்டா."

"எந்தக் குழந்தை?"

"பெரியவன். இப்ப மூணாங்கிளாஸ் படிக்கிறான்."

லெம்பி விறகைக் கீழே போட்டாள்.

"அப்புறம் ஏன் எடுத்துக்கிட்டுப் போகல?"

"எடுத்துக்கிட்டுப் போயிட்டா இங்க வர்றதுக்கு என்ன இருக்கு? எனக்குக் கண்ணு மங்கி நாலு வருஷம் ஆச்சு லெம்பி. மானே சுடறதில்ல. மரத்தடியில உக்காந்து சனிக்கிழமை எப்ப வரும்னு பாத்துட்டிருப்பேன். போன வருஷம் நீ கேட்டியே, எத்தனை காலத்துக்குக் காவல்னு. உனக்கு அலுத்துப்போச்சுன்னு நெனச்சேன். அதான் எழுதினேன்."

லெம்பி படியிலேயே, பனிமேலேயே உட்கார்ந்துவிட்டாள். ஏழு வருஷம். அவனுக்கு அறுபத்தொன்பது, அவளுக்கு அறுபத்துநாலு. இனி இருப்பதே எத்தனை வருஷமோ, அதில் ஏழைத் தூக்கி இரண்டு பேருமாகச் சேர்ந்து பனியில் எறிந்திருக்கிறார்கள். வாய்விட்டு அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று யாராவது சொல்லியிருந்தால் விறகுக்கட்டையால் அடித்திருப்பாள். அந்த ஏழு வருஷத்துக்காகத்தான் அழுதாள், அதன் ஒவ்வொரு ஜனவரிக்காகவும்.

கதவு திறந்தது. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, வெறுங்காலோடு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். என்ன செய்வதென்று தெரியாமல் தன் துண்டை நீட்டினான். அவள் அதில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எத்தனை நாள் இருப்ப?" என்றாள்.

"டிசம்பர் ஒண்ணாம் தேதி வந்துடறேன்னு ஹெய்டிகிட்டச் சொல்லியிருக்கேன்."

"அது துப்பாக்கிக்காக வந்தவன் சொன்ன தேதி. நீ சொல்லு."

ரெய்னோ தன் ஈரக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து, பூட்ஸுக்குள் காலை நுழைத்துக்கொண்டான்.

"வா, உள்ள போகலாம். ஹெய்டிக்கு போன் பண்ணணும்" என்றான்.